'போல' வந்தால் உவமையா? பத்தாம் வகுப்பில் அணி இலக்கணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கரும்பு அதிகம் விளையும் ஒரு மாவட்டத்தில், ஊரை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாம் வகுப்பில் ஒரே பிரிவுதான். விவசாயக் கூலி, வண்டி ஓட்டுவது, ஆலை வேலை என்று பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். தமிழாசிரியை அதே பள்ளியில் நீண்ட காலமாக இருப்பவர். பிள்ளைகளுக்கு அவர் 'தமிழம்மா'. அந்த ஒன்றியத்தில் நான் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். காலாண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்த கையோடு அவரே என்னைக் கூப்பிட்டார்.

"எதுகை, மோனை கேட்டா டக்குன்னு சொல்றாங்க சார். அணி கேட்டா விளக்கமும் வரி மாறாம எழுதுறாங்க. பாட்டை மட்டும் மாத்திக் கொடுத்தா முழிக்கிறாங்க" என்றார்.

பாடச்சுமை பெரிதில்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியல் 35 அணிகளைச் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் படிப்பது அதில் ஒரு பகுதிதான்: உவமை, எடுத்துக்காட்டு உவமை, உருவகம், பிறிதுமொழிதல், வஞ்சப்புகழ்ச்சி, பின்வருநிலை, தற்குறிப்பேற்றம், தீவகம், நிரல்நிறை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். சான்றுப் பாடல்களும் பெரும்பாலும் குறளாகவோ பாடத்தில் ஏற்கெனவே வந்ததாகவோ இருக்கும். ஆகவே, பிள்ளைகள் தடுமாறுவது பாடம் அதிகம் என்பதால் அல்ல என்று இருவருமே நினைத்தோம்.

முதலில் கண்டது

காலாண்டுத் தாள்களைப் புரட்டினேன். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை' என்ற பொறையுடைமைக் குறளுக்கான விடை எல்லாத் தாளிலும் ஒரே அச்சு. "உவமை ஒரு தொடராகவும் உவமேயம் ஒரு தொடராகவும் வந்து, இடையில் உவம உருபு வெளிப்பட வருவது உவமை அணி" என்று ஒரு பத்தி. அடுத்து குறள். அப்புறம் 'உவமை', 'உவமேயம்', 'உவம உருபு' என்று மூன்று வரி. நிலத்தைத் தோண்டுவதற்கும் ஒருவனை இகழ்வதற்கும் என்ன சம்பந்தம் என்று எந்தத் தாளிலும் ஒரு வரிகூட இல்லை. மதிப்பெண் மட்டும் முழுதாக விழுந்திருந்தது.

மறுமுறை போனபோது ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தோம். மதிப்பெண் கிடையாது, பக்கத்தில் பார்த்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டோம். ஐந்தே வரிகள்:

மழை வரும் போல இருக்கிறது.
அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.
தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்.
பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்.
போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி 'வாரல்' என்பனபோல் மறித்துக் கைகாட்ட.

கடைசி மூன்றுக்கும் கரும்பலகையில் பொருள் எழுதிப் போட்டோம். ஒவ்வொரு வரியிலும் அணி உண்டா, உண்டென்றால் எது, ஏன் என்பதுதான் கேள்வி.

முதல் வரிக்கே பெரும்பாலானவர்கள் 'உவமை அணி' என்று எழுதினார்கள். காரணம்: 'போல' வந்துள்ளது. ஒருவர்கூட எதை எதோடு ஒப்பிடுகிறது என்று கேட்டுக்கொள்ளவில்லை. இப்படி ஒப்புமையே இல்லாமல் வரும் 'போல' உண்டு என்று தொல்காப்பியர் 'ஒப்பில் போலியும் அப்பொருட் டாகும்' என்று இடையியலிலேயே சொல்லிவிட்டார். பிள்ளைகளும் வீட்டில் தினம் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தால் 'போல' என்பது உவம உருபு மட்டும்தான்.

சிலப்பதிகார வரிக்கும் அதே விடை. 'என்பனபோல்' என்று வருகிறதே! கயவர் குறளில்தான் எனக்குக் கொஞ்சம் வியப்பு. நன்னூலின் 'போல புரைய ஒப்ப உறழ மான கடுப்ப' பட்டியலை அவர்கள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதில் உள்ள 'அன்ன'வை வைத்து 'அனையர்' என்பதையும் பிடித்து, உவமை தேவர், உவமேயம் கயவர் என்று எழுதிவிட்டார்கள். அது ஒரு வகையில் கெட்டிக்காரத்தனம்தான். அந்தக் குறளில் ஒப்புமை இருப்பதும் உண்மை. வள்ளுவர் கயவரைத் திட்டுகிறார் என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. மனம்போன போக்கில் நடப்பதில் இருவரும் ஒன்று என்ற குத்தலை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பீலி குறளுக்குப் பலர் 'அணி இல்லை' என்று எழுதினார்கள். அதில் உருபே இல்லையே!

காரணம் எங்கே

தமிழம்மாவின் கருத்து, தேர்வுதான் காரணம் என்பது. அணியின் பெயர், விளக்கம், சான்று, பொருத்தம் என்ற வரிசையில் மதிப்பெண் விழுகிறது. அந்த நான்கையும் அச்சு மாறாமல் எழுதினால் போதும் என்றால், பிள்ளை எதற்குக் குறளைப் படிக்க வேண்டும்?

எனக்கு வேறொன்று தோன்றியது. யாப்பும் அணியும் அடுத்தடுத்து, சில நேரம் ஒரே நாளில் நடந்திருந்தன. எதுகை, மோனை எல்லாம் எழுத்தில் இருப்பவை. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. 'அகழ்வாரை', 'இகழ்வார்' இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'க' என்று பார்ப்பதற்குப் பொறுமை பற்றி எதுவுமே தெரிய வேண்டாம். கண் இருந்தால் போதும். அதில் கிடைத்த வெற்றியைப் பிள்ளைகள் அப்படியே அணிக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அணியும் பாட்டில் எங்கேயோ ஒரு எழுத்தாக, ஒரு சொல்லாக உட்கார்ந்திருக்கும், அதைத் தேடிப் பிடித்து அடிக்கோடு போட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். உருபுப் பட்டியலை முதலில் கொடுத்தது அந்த எண்ணத்தை இன்னும் உறுதியாக்கியது.

மூன்றாவதாக ஒரு காரணமும் இருந்தது. அது வகுப்பு தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

தீபாவளி விடுமுறை வரை அணிகளின் பெயரை வகுப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். பெயர் தெரிந்ததும் பிள்ளைகள் பாட்டை விட்டுவிடுகிறார்கள் என்பதால். சுவரில் ஒட்டியிருந்த உருபு அட்டவணையைக் கழற்றிவிட்டு, 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்ற தொல்காப்பிய வரியைத் தமிழம்மா தன் கையால் எழுதி ஒட்டினார். புலி அன்ன மறவன் என்றால் செயல் ஒப்பு, மாரி அன்ன வண்கை என்றால் பயன் ஒப்பு, துடி அன்ன இடை என்றால் வடிவ ஒப்பு, பொன் அன்ன மேனி என்றால் நிற ஒப்பு. உரைக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டுகள்தான். உவமையையும் உவமேயத்தையும் எது இணைக்கிறது என்ற கேள்வியை இதைவிட எளிதாகக் கேட்க வழியில்லை. உவமையைப் பேசும் பாடம், இணைக்கும் பண்பை விட்டுவிட்டு உருபில் தொடங்குவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தலைமையாசிரியருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பொதுத்தேர்வு வகுப்பு, சோதனை செய்து பார்க்கும் இடமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாலைச் சிறப்பு வகுப்பில் மனப்பாடப் பயிற்சி வழக்கம்போல நடக்கும், விடுமுறை முடிந்ததும் அணி விளக்கங்கள் அதில் சேரும் என்று பேசி ஒப்புக்கொண்டோம். யாப்பையும் அணியையும் ஒரே நாளில் நடத்துவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

வகுப்பில்: வண்டி

பீலி குறளில்தான் தொடங்கினோம். ஒரு மாணவனை எழுப்பி வாசிக்கச் சொன்னார் தமிழம்மா. "பீலிபெய் சாகாடும் அச் சிறும் அப் பண்டம்..." என்று வாசித்தான். 'அச்சிறும்' என்பதை 'சிறும்' என்று ஏதோ ஒன்றாக நினைத்திருக்கிறான். இன்னும் சிலரை வாசிக்கச் சொன்னோம். பாதிப்பேர் அப்படியேதான். அதுதான் மூன்றாவது காரணம். சீர் (ஓசைக்கான கூறு) பிரித்து அச்சிட்ட பாட்டைச் சொல் பிரித்துப் படிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் பொருள் எழுதிப் போட்டாலும், அந்தப் பொருள் எந்தச் சொல்லிலிருந்து வருகிறது என்று தெரியாமல் அணியை எங்கே தேடுவது?

அச்சு + இறும் என்று எழுதிப் போட்டதும் பின்வரிசையில் ஒரு பையன், "அச்சு முறிஞ்சிடும்மா" என்றான். அவன் அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். எப்படி முறியும் என்று கேட்டதற்கு அவன் சொன்ன விவரம் எந்த உரையிலும் இருக்காது. பாரம் ஏறும்போது ஒன்றும் தெரியாது, டயர் மட்டும் கொஞ்சம் அமுங்கும், பள்ளத்தில் இறங்கும்போதுதான் 'டக்'கென்று போகும், கடைசியா ஏத்தின கரும்புக் கட்டைக் குறை சொல்லிப் பயனில்லை என்றான். சாகாடு என்றால் வண்டி, பீலி என்றால் மயிலிறகு என்று தெரிந்ததும் அவனே, "மயிலிறகுலயே முறியுதுன்னா அப்போ எவ்வளவு ஏத்தியிருக்கணும்!" என்று சிரித்தான். 'சால மிகுத்து' என்ற சொல்லின் எடை அந்த வகுப்பில் அப்போதுதான் இறங்கியது.

தமிழம்மா அடுத்துக் கேட்டதுதான் முக்கியம். "சரி, வள்ளுவர் வண்டிக்காரங்களுக்கா இதை எழுதினார்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. அதிகாரத்தின் பெயரைப் பார்க்கச் சொன்னார். வலியறிதல். பொருட்பால், அரசனுக்குச் சொன்னது. எதிரி ஒவ்வொருவனும் மயிலிறகு போல லேசானவன்தான், பலர் சேர்ந்துவிட்டால் வலுவான அரசனும் முறிந்துபோவான். "அதை ஏம்மா சொல்லலை?" என்று ஒரு மாணவி கேட்டாள். உவமையை மட்டும் சொல்லி, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடும் இந்த அணிக்கு என்ன பெயர் என்று கேட்காமலேயே, அதன் இலக்கணத்தை அவள் கேள்வியாகக் கேட்டுவிட்டாள்.

வகுப்பில்: நிலம்

காலாண்டில் எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கிய அதே 151ஆம் குறளை மறுபடி எடுத்தோம். எது எதோடு, எந்த வகையில் என்று கேட்டதும், "நிலம் பொறுத்துக்குது, நாமளும் பொறுத்துக்கணும்" என்ற விடை வந்தது. ஒரு மாணவி ஒத்துக்கொள்ளவில்லை. "நிலத்துக்கு வேற வழி இல்லம்மா. அதால ஓட முடியுமா, திருப்பி அடிக்க முடியுமா? நமக்கு முடியுமே" என்றாள். உவமை இடறும் இடம் அது. தமிழம்மா அவசரப்பட்டு விளக்கம் சொல்லவில்லை. 'பொறுக்கும் நிலம்' என்று எழுதாமல் 'தாங்கும் நிலம்' என்று எழுதியிருக்கிறாரே, தாங்குவது என்றால் என்ன என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அதே மாணவிதான் சொன்னாள்: "தோண்டுறவனும் அந்த நிலத்து மேலதான் நிக்கிறான். அவன் விழாம இருக்கிறதே அதனாலதான்." வெட்டுகிறவனைச் சகித்துக்கொள்வது மட்டுமில்லை, வெட்டும் அந்த நேரத்திலும் அவனுக்குக் காலூன்ற இடம் கொடுப்பது. இகழ்கிறவனிடம் அப்படி நடப்பதைத்தான் வள்ளுவர் 'தலை' என்கிறார். இதைத் தேர்வுத்தாளில் எழுதினால் எந்த விடைக்குறிப்பில் பொருத்திப் பார்ப்பது என்று நாங்கள் இருவரும் பிறகு பேசிக்கொண்டோம்.

வகுப்பில்: கொடி

தற்குறிப்பேற்றத்துக்கு இரண்டு கொடிகளை எடுத்துக்கொண்டோம். ஒன்று மதுரைக் கோட்டைக் கொடி: கோவலனும் கண்ணகியும் ஊரை நெருங்கும்போது 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிக்கிறது. இன்னொன்று மிதிலை நகரின் கொடி: இராமனைப் பார்த்து, செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி 'ஒல்லை வா' என்று அழைக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு கதையும் தெரியும். இரண்டு ஊரிலும் அடித்தது வெறும் காற்றுதான். ஒரு கொடி 'வராதே' என்கிறது, இன்னொன்று 'சீக்கிரம் வா' என்கிறது. ஏன்?

"கோவலன் சாகப் போறான், இராமனுக்குக் கல்யாணம் ஆகப்போகுது" என்று உடனே பதில் வந்தது. அப்படியென்றால் காரணம் கொடியில் இருக்கிறதா, கவிஞர் மனசிலா என்று தமிழம்மா கேட்டார். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. இயல்பாக நடக்கும் நிகழ்ச்சி, அதன் மேல் கவிஞர் ஏற்றும் குறிப்பு என்ற இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொன்னபோது, 'போல்' எங்கே என்று யாரும் தேடவில்லை. கம்பர் பாட்டில் 'கொடிகள் என்னும் கைகள்' என்பது வேறு ஒன்றாயிற்றே என்று ஒருவன் கேட்டான். ஒரே பாட்டில் உருவகமும் (ஒன்றை இன்னொன்றாகவே சொல்வது) தற்குறிப்பேற்றமும் இருக்கலாம் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. ஒரு பாட்டுக்கு ஒரு அணி என்றுதான் கைடு பழக்கியிருந்தது.

தீவகம், நிரல்நிறை இரண்டும் வேகமாகப் போயின. 'அன்பும் அறனும்' என்று வைத்து 'பண்பும் பயனும்' என்று அதே வரிசையில் முடிப்பதைப் பார்க்கப் பெரிய முயற்சி தேவைப்படவில்லை.

விடுமுறைக்குப் பிறகு

பெயர்களைச் சொன்ன நாளில் பல பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதி தெரிந்தது. நன்றாகப் படிக்கும் சிலர் அதுவரை எரிச்சலில்தான் இருந்தார்கள். "கைடுல நாலு வரியில இருக்கும்மா, அதையே எழுதிடறோம்" என்பது அவர்கள் வாதம். முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த வழியை விடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? டிராக்டர் வீட்டுப் பையன்போல, அதுவரை தமிழில் தேறினால் போதும் என்று இருந்தவர்கள்தான் வகுப்பில் அதிகம் பேசினார்கள்.

அரையாண்டில் அணிக் கேள்வி வழக்கமான வடிவில்தான் வந்தது. விடைகளில் 'பொருத்தம்' பகுதி மாறியிருந்தது. சொந்த வாக்கியங்கள், சில இடங்களில் பேச்சு வழக்கோடு. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் எது எந்த வகையில் ஒத்தது என்று ஒரு வரியாவது இருந்தது. அத்தோடு தமிழம்மா தனியாகக் கொடுத்த பயிற்சியில், படிக்காத குறளான 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' தரப்பட்டது. தேரும் நாவாயும் இடம் மாறினால் பயனில்லை என்பதை எடுத்து, 'இது ஆளைப் பற்றி, இடம் பார்த்துச் செய்யணும்னு சொல்றார்' என்று பலர் எழுதினார்கள். பெயரைப் பிறிதுமொழிதல் என்று சரியாக எழுதியவர்கள் அவர்களைவிடக் குறைவு.

மதிப்பெண்ணில் ஒரு சிக்கல் வந்தது. பொருத்தத்தை அருமையாக எழுதிய ஒரு மாணவன் அணி விளக்கத்தை எழுதவில்லை. விடைக்குறிப்புப்படி அவனுக்குக் குறைந்தது. விளக்கத்தை மட்டும் ஒப்பித்து, பொருத்தத்தில் மூன்று சொல் எழுதியவள் அவனைவிடக் கூடுதலாக வாங்கினாள். அவன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டபோது தமிழம்மா விதியைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. திருப்புதல் தேர்வுகள் நெருங்கியதும் விளக்கங்களை எழுதிப் பார்க்கும் பயிற்சி முழு வீச்சில் திரும்பி வந்தது. பொதுத்தேர்வில் அந்த மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்க முடியாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சரியாக வராதவை

கொடி வகுப்புக்குப் பிறகு, இயற்கை வந்தாலே தற்குறிப்பேற்றம் என்று எழுதும் பழக்கம் கிளம்பியது. மரம் அசைந்தது, குயில் கூவியது எல்லாம் அதில் விழுந்தன. கவிஞர் காரணம் ஏற்றியிருக்கிறாரா என்று கேட்கச் சொல்லியும் சிலரிடம் அது கடைசிவரை போகவில்லை. வஞ்சப்புகழ்ச்சியிலும் அப்படியே: யாரைப் புகழ்ந்தாலும் உள்ளே திட்டு இருக்கிறதா என்று தேடினார்கள். இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

உருவகத்தில் வருத்தம் உண்டு. தேன்தமிழைத் தமிழ்த்தேன் ஆக்கு, மதிமுகத்தை முகமதி ஆக்கு என்ற மாற்று விளையாட்டு வகுப்புக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் சில நாளிலேயே அது இன்னொரு 'போல' ஆகிவிட்டது. எந்தச் சொல் முன்னால் நிற்கிறது என்று மட்டும் பார்த்தார்கள். பிறவிப் பெருங்கடல் குறளில் பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர் இறைவன் அடியை எதுவாகவும் ஆக்காமல் விட்டிருக்கிறார் என்பதை யாரும் தானாகக் கவனிக்கவில்லை.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு இந்த முயற்சியில் அதிகம் கிடைக்கவில்லை. வகுப்பில் பேச்சாக நடந்தபோது ரசித்தார்கள், தாளில் பாட்டைக் கண்டதும் பழையபடி நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு விளக்கத்தை மனப்பாடம் செய்வதே மதிப்பெண்ணுக்கு வழியாக இருந்தது.

அடுத்த முறை

சொல் பிரித்து வாசிப்பதை முதலில் வைப்போம். ஒவ்வொரு பாட்டையும் பிள்ளையே பிரித்து எழுதி, அருஞ்சொல் குறித்து, அதிகாரப் பெயரையும் மேலே எழுதிய பிறகுதான் அணிக்குப் போவது என்று தமிழம்மா குறிப்பேட்டு முறையை மாற்றியிருக்கிறார். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குகிறார். அங்கே பொதுத்தேர்வு இல்லை, தலைமையாசிரியருக்கும் கவலை இல்லை.

பெயர்களை அவ்வளவு நாள் மறைக்கத் தேவையில்லை என்று எனக்குப் படுகிறது. பாட்டைப் பேசி முடித்த அதே வகுப்பின் கடைசியில் பெயரைச் சொல்லிவிடலாம். பயந்த பிள்ளைகளுக்கு அது பிடிமானம். தமிழம்மா இதை ஏற்கவில்லை. ஒரு வாரமாவது தள்ள வேண்டும் என்கிறார். உருபு அட்டவணை சுவருக்குத் திரும்பாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. பட்டியல் தேவைப்படுகிறவர்களுக்கு அது பாடநூலில் இருக்கவே இருக்கிறது.

பள்ளி அளவில் அவரே தயாரிக்கும் தேர்வுகளில், படித்த குறளுக்குப் பதில் படிக்காத ஒரு குறளைக் கொடுத்து, பெயருக்கு ஒரு மதிப்பெண், பொருத்தத்துக்கு மீதி என்று பிரிக்கப்போகிறார். பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியர்கள் இருவர் அந்த வினாத்தாளைக் கேட்டிருக்கிறார்கள்.